எந்த ஊர் வால்வு?

சித்தப்பா செத்துப் பதினோரு வருஷம் ஆகிறது. அவர் விட்டுப்போனது ஒரு மீட்டர், ஈயம் வைக்கிற ராடு ஒன்று, டிரங்குப் பெட்டி நிறைய வால்வு. நிலபுலம் எழுதி வைக்கிற வம்சமா நம்முடையது? அந்தப் பெட்டியைத்தான் எழுதாமலே எனக்கு வைத்துவிட்டுப் போனார். இன்றைக்கு வரைக்கும் அதுதான் எனக்குச் சோறு போடுகிறது.

இப்போது படிக்கிற பிள்ளைகளுக்கு வால்வு தெரியாது. டிரான்சிஸ்டர் வருவதற்கு முன்னால் ரேடியோ, மைக் செட், ரெக்கார்டு பிளேயர் எல்லாம் இந்தக் கண்ணாடிக் குழாயால்தான் ஓடின. உள்ளே இருக்கிற காற்றை உறிஞ்சி எடுத்து மூடியிருப்பார்கள். நடுவில் கேத்தோடு. அதைச் சூடாக்க ஓர் இழை. சூடு ஏறினால் எலக்ட்ரான் கிளம்பி வெளியே இருக்கிற தகட்டுக்கு ஓடும். இரண்டுக்கும் நடுவில் கம்பிச் சுருள் ஒன்று, அதைக் கிரிட் என்போம். மைக்கிலிருந்து வருகிற சின்னச் சத்தம் கிரிட்டில் ஏறி, அந்தப் பெரிய ஓட்டத்தை விடும், தடுக்கும். சின்னக் குரல் பெருங்குரலாவது இப்படித்தான். எரிய எரிய கேத்தோடின் மேல் பூச்சு தீரும். வால்வு கிழடாகும். அப்போது வேறொன்று மாற்ற வேண்டும். எதைப் பார்த்து மாற்றுவது? அதைப் பற்றித்தான் எழுத வந்தேன். கூடவே வேறு சிலதும் வந்துவிட்டது.

போன வருஷம் சென்னையில் ஒரு பெரிய வீட்டிலிருந்து கூப்பிட்டார்கள். பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய அப்பா லண்டனிலிருந்து கொண்டுவந்த லீக் ஸ்டீரியோ 20 ஆம்ப்ளிஃபயர் வைத்திருக்கிறார். பக்கத்துக்குப் பத்து வாட்டுக்குக் கொஞ்சம் மேலே கொடுக்கும். சத்தம் பெருக்கிக் கடைசியில் ஸ்பீக்கருக்குத் தள்ள நாலு இ.எல். 84. முன்னால் மூன்று இ.சி.சி. 83. ஏ.சி. கரண்டை டி.சி. ஆக்க ஒரு ஜி.இசட். 34. நல்ல செட். பார்த்தவுடன் எனக்குக் கையெல்லாம் பரபரவென்று இருந்தது.

குறை இதுதான்: வலது பக்கத்தில் ஓர் இ.எல். 84 ஒரு மணி நேரத்தில் சிவந்துவிடுகிறது. இழை சிவப்பாக எரிவது சரி, அது அதன் வேலை. தகடு சிவந்தால் வால்வு சாகிறது என்று அர்த்தம். மூன்று தடவை மாற்றிவிட்டார். மூன்றுமே வெளிநாட்டிலிருந்து வரவழைத்த பழைய முல்லார்டு. பெட்டியைத் திறந்து காட்டினார்.

"எல்லாமே பிளாக்பர்ன்ல செஞ்சது. இங்கிலாந்து. சும்மா இல்ல மெக்கானிக், வால்வுக்குப் பொறப்புதான் முக்கியம். எங்க பொறந்துதுன்னு தெரிஞ்சா எப்படிப் பாடும்னு சொல்லிடலாம்."

நான் தலையை ஆட்டிக்கொண்டு செட்டின் அடித்தகட்டைக் கழற்றினேன். எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் வந்தது. குடித்தேன்.

"உங்களுக்கு எந்த ஊரு?"

"திண்டிவனம் பக்கம் சார்."

"பக்கம்னா?"

ஊர்ப் பெயரைச் சொன்னேன்.

"அட, அங்க பெருமாள் கோயில் தெரியும். எங்க சம்பந்தி வகையில ஆளுங்க இருக்காங்க. கோயிலுக்கு எந்தப் பக்கம் உங்க வீடு?"

"ஏரிக்கரைக்கு அந்தண்ட சார்."

"ஓ" என்றார். கொஞ்ச நேரம் கழித்துக் காபி வந்தது. பேப்பர் கப்பில் வந்தது. அவருக்கு டபரா டம்ளர். பேப்பர் கப்பு இன்றைக்கு எல்லாரும்தான் கொடுக்கிறார்கள், நீ ஏன் அப்படி எடுத்துக்கொள்கிறாய் என்று யாராவது கேட்கலாம். தண்ணீர் எதில் வந்தது என்று மேலே எழுதியிருக்கிறேன்.

காபியைக் குடித்தேன். சித்தப்பா ஞாபகம் வந்தது.

என் தாத்தா பறையடிக்கிறவர். ஊரில் சாவு விழுந்தால் ராத்திரி ரெண்டு மணிக்கும் ஆள் வரும். ஏரி மீன் ஏலம், கோயிலில் கூழ் ஊற்றுவது, வரி வசூல், எல்லாவற்றுக்கும் தண்டோரா போட அவர்தான் போக வேண்டும். எங்கள் சத்தம் அவர்களுக்கு வேண்டும். ஆனால் எங்கள் வீட்டுக் கல்யாணத்தில் எங்கள் சத்தம் அவர்கள் காதில் விழக் கூடாது. 2022-ல் தமிழக அரசு தண்டோராவை நிறுத்தச் சொல்லி உத்தரவு போட்டது. ஒலிபெருக்கி கட்டிய வண்டியில் அறிவித்துக்கொள்ளலாம் என்றது. அதைப் பார்க்கச் சித்தப்பா இல்லை. இன்றைக்கு நம் பிள்ளைகள் மேடையேறிப் பறை அடிப்பது வேறு. அது யாரும் அடிடா என்று சொல்லி அடிப்பது இல்லை.

சித்தப்பா எட்டாவதோடு நின்றவர். "எங்கப்பன் தோள்ல மாட்னத நான் மாட்ட மாட்டன்" என்று மெட்ராசுக்குப் பஸ் ஏறிப் போனார். ரிச்சி தெருவில் ஒரு ரேடியோ கடையில் பெருக்குகிற வேலை. கற்றுக்கொடுக்கவில்லை யாரும். பெருக்கும்போது கீழே கிடந்த வால்வுப் பெட்டிகளைப் படித்துப் படித்தே கற்றுக்கொண்டார். எனக்கு அவர் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் வால்வின் பெயரைப் படிப்பதுதான்.

"இ.எல். 34-ன்னு எழுதியிருக்கா? இ-ன்னா இழைக்கு 6.3 வோல்ட். எல்-ன்னா ஸ்பீக்கர தள்ற பவர் பென்டோடு. மூணுன்னா எட்டுக் கால் சாக்கெட்டு. இ.சி.சி. 83-ல சி-ன்னா டிரையோடு. ரெண்டு சி, அப்ப ஒரு கண்ணாடிக்குள்ள ரெண்டு டிரையோடு. எட்டுன்னா ஒம்பது கால். ஜி-ன்னா 5 வோல்ட். இசட்-ன்னா ஏ.சி.ய டி.சி.யாக்கற ரெட்டிஃபயரு. அமெரிக்காக்காரன் வேற நெம்பர் போடுவான். இ.எல். 84-அ 6 பி.கியூ. 5-ம்பான். இ.சி.சி. 83-அ 12 ஏ.எக்ஸ். 7-ம்பான். ரெண்டும் ஒண்ணுதான். பயப்படாத."

அப்புறம் சொல்வார்: "இதப் பாரு, வால்வோட பேரு அது என்னா செய்யும்னு சொல்லுது. நமக்கு வச்சிருக்கற பேரு நாம என்னா செய்யக் கூடாதுன்னு சொல்லுது."

மூடிப்போன டூரிங் கொட்டகை ஒன்றில் பழைய இரும்பு விலைக்கு ஓர் ஆம்ப்ளிஃபயர் வாங்கி ஊருக்கு வந்தார். கடைசியில் ரெண்டு இ.எல். 34. கூட இரண்டு குழாய் ஸ்பீக்கர். எங்கள் சேரிக்கு வந்த முதல் மைக் செட் அது. அதற்கு முன்னால் ஊர் சவுண்டு சர்வீஸ்காரர் எங்கள் தெருவுக்குள் செட் எடுத்து வர மாட்டார்.

1991 ஏப்ரல் 14. பாபாசாகேப் அம்பேத்கருடைய நூற்றாண்டு. தமிழ்நாடு முழுக்க நம் சனங்கள் கூடிய நாள். எங்கள் தெருவிலும் மேடை போட்டோம். முதல் நாள் சாயங்காலம் செட்டைப் போட்டுப் பார்த்தால் ஒரே இரைச்சல், சத்தம் கம்மி. ஓர் இ.எல். 34-ன் கண்ணாடிக்குள் வெள்ளி மாதிரி மினுங்குகிற பூச்சு பால் மாதிரி வெளுத்துவிட்டது. கீறல் எங்கோ விழுந்து காற்று உள்ளே போயிருக்கிறது. அந்த வெள்ளி வெளுத்தால் வால்வு செத்தது, பேச்சே இல்லை. ஊர் சவுண்டு சர்வீசில் ஒரு வால்வாவது கேட்கலாம் என்று போனோம். "இல்ல" என்றார். அலமாரியில் இருந்ததை நான் பார்த்தேன்.

டிரங்குப் பெட்டியில் மூன்று இருந்தன. சித்தப்பா மூன்றையும் துணி விரித்து வரிசையாக வைத்தார்.

ஒன்று பளபளவென்று பெரிய வெளிநாட்டுப் பெயர் அச்சடித்தது, பெட்டியோடு இருந்தது. நான் அதைத்தான் எடுத்தேன். "போட்டு அளந்து பாருடா" என்றார். அவர் ஒவ்வொரு கேத்தோடிலும் 10 ஓம் ரெசிஸ்டர் ஒன்று வைத்திருந்தார். அதன் ரெண்டு முனையிலும் மீட்டர் வைத்தால் 10 மில்லிவோல்ட்டுக்கு ஒரு மில்லி ஆம்பியர் கணக்கு. பக்கத்தில் இருந்த நல்ல வால்வு 380 காட்டியது, அதாவது 38 மில்லி ஆம்பியர். பெரிய பேர்க்காரன் 190-க்கு மேல் ஏறவில்லை. சாறு தீர்ந்த வால்வைத் துடைத்துப் புதுப் பெட்டியில் போட்டு யாரோ விற்றிருக்கிறான்.

இரண்டாவது 6 எல் 6. அதுவும் எட்டுக் கால்தான், சாக்கெட்டில் உட்காரும். "உக்காருதுன்னு போட்டுடாத. இந்த செட்டுல கிரிட்டுக்குக் குடுக்கற மைனஸ் வோல்ட் இ.எல். 34-க்கு வச்சது. 6 எல் 6-க்கு இன்னம் அதிகமா மைனஸ் வேணும். அத மாத்தாம போட்டா கரண்டு கட்டுமீறி ஓடும், தகடு செவந்துடும்" என்றார்.

மூன்றாவதில் எழுத்தே இல்லை, அழிந்துவிட்டது. எந்தக் கம்பெனி, எந்த நாடு, ஒன்றும் தெரியாது. தகட்டின் வடிவத்தையும் அடியையும் பார்த்து இ.எல். 34 என்றார். போட்டோம். 410 காட்டியது. 38-ம் 41-ம். ஜோடி சேர்ந்துவிட்டது. இந்த மாதிரி செட்டில் இரண்டு வால்வும் ஆளுக்கொரு பக்கமாக இழுக்கும். இரண்டும் ஏறக்குறைய ஒரே கரண்டு எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் டிரான்ஸ்ஃபார்மர் ஒரு பக்கமாகக் காந்தம் ஏறி, இரைச்சல் வரும். தகட்டில் 430 வோல்ட். அதை 41 மில்லி ஆம்பியரால் பெருக்கினால் ஏறக்குறைய 17.6 வாட். இ.எல். 34 தாங்குவது 25 வாட். எழுபது சதம். ராத்திரி முழுக்க ஓடும்.

ஓடியது. மைக்கில் முதலில் பேசினது எங்கள் ஆயா. பேசவா வந்தார், சும்மா தொட்டுப் பார்க்க வந்தார். சித்தப்பா "உன் பேரச் சொல்லு அத்த" என்றார். ஆயா தன் பேரைச் சொன்னார். அந்தப் பேர் ஏரிக்கரை தாண்டிப் போய்த் திரும்பி வந்தது. அறுபது வருஷம் அந்த ஊர் வயலில் நாற்று நட்டவர். ஊரில் ஒருத்தர் வாயிலிருந்தும் அந்தப் பேர் வந்தது இல்லை, "ஏய்" தான். சனங்கள் சிரித்தார்கள். ஆயா இன்னொரு தரம் சொன்னார்.

அரைமணி நேரத்தில் ஊரிலிருந்து நாலு பேர் வந்தார்கள். "கொழாய ஊரப் பாத்து வச்சிருக்கீங்களே, திமிராடா?" கை கலப்பு ஆகும்போல் இருந்தது. பெண்டு பிள்ளைகள் நிறைய இருந்தார்கள். எங்கள் பெரியவர்கள் பேசினார்கள். கடைசியில் சித்தப்பா கம்பத்தில் ஏறி ஒரு குழாயைக் கழனிப் பக்கம் திருப்பினார். இன்னொன்றைத் திருப்பவில்லை. அந்த ஒன்று விடிய விடிய ஊரைப் பார்த்துப் பேசியது. அந்த வருஷம் மல்லாட்டை பிடுங்க எங்கள் தெருவுக்கு ஆள் சொல்லி வரவில்லை.

ஒரு குழாயைத் திருப்பினதைச் சித்தப்பா சாகிற வரைக்கும் சொல்லிக்கொண்டு இருந்தார். திருப்பாமல் விட்ட குழாயைப் பற்றி ஒரு நாளும் பேசினது இல்லை.

சென்னை வீட்டுக்கு வருகிறேன். மூன்று முல்லார்டையும் வாங்கிப் பார்த்தேன். அசல் முல்லார்டில் கண்ணாடியின் அடிப்பக்கம் மங்கலாக இரண்டு வரி எழுத்துப் பொறித்திருக்கும். இரண்டாவது வரி பி என்று ஆரம்பித்தால் பிளாக்பர்ன் ஆலை. இரண்டில் அது இருந்தது. ஒன்றில் இல்லை. விரலால் தேய்த்தேன், பேர் அழிந்து வந்தது. முல்லார்டு 1927-லிருந்து பிலிப்ஸ் கையில் இருந்த கம்பெனி. ஒரே ஆலையில் செய்ததை அவர்கள் பல பேரில் விற்றிருக்கிறார்கள். வேறு ஆலையில் செய்ததும் முல்லார்டு பேரில் போயிருக்கிறது. இன்றைக்கு அந்தப் பேரையே அமெரிக்கக் கம்பெனி ஒன்று வாங்கி, ரஷ்யாவில் சராட்டவ் நகரத்தில் செய்கிற புது வால்வில் அச்சடிக்கிறது. பிறப்பும் விலைக்குக் கிடைக்கிற சரக்குதான்.

பழைய முல்லார்டு மட்டம் என்று நான் சொல்லவில்லை. நல்ல வேலைப்பாடு. இருபது முப்பது வருஷம் ஓடினதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அசலான இரண்டும் கூட அந்தச் சாக்கெட்டில் செத்துப்போய்தானே இருக்கின்றன? ஒரே இடத்தில் மூன்று செத்தால் குற்றம் வால்விலா, இடத்திலா?

கண்டென்சரில் நின்ற கரண்டை முதலில் இறக்கினேன். செட்டை அணைத்த பிறகும் முந்நூறு, நானூறு வோல்ட் உள்ளே நின்றுகொண்டிருக்கும், ஆளைக் கொல்லும். அப்புறம் அந்த வால்வைப் பிடுங்கிவிட்டு, செட்டைப் போட்டு, ஒரு கையை இடுப்புக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, காலிச் சாக்கெட்டின் இரண்டாவது காலில் மீட்டர் வைத்தேன். அது கிரிட். வால்வு இல்லாதபோது அங்கே ஒரு வோல்ட்டும் இருக்கக் கூடாது. 6 வோல்ட் பிளஸ் காட்டியது. முந்தின வால்விலிருந்து சத்தத்தை மட்டும் விட்டு டி.சி.யைத் தடுக்க வேண்டிய கண்டென்சர் கிழடாகி ஒழுகுகிறது. அந்த பிளஸ் கிரிட்டில் ஏறி, கரண்டைக் கட்டவிழ்த்து விடுகிறது. எந்த ஊர் வால்வைக் கொண்டுவந்து வைத்தாலும் அங்கே சிவந்து சாகும்.

எனக்கு எங்கள் பள்ளிக்கூடம் ஞாபகம் வந்தது. எங்கள் தெருவிலிருந்து வருஷத்துக்கு ஏழெட்டுப் பிள்ளைகள் சேருவோம். அஞ்சாவது தாண்ட மாட்டோம். "இதுங்களுக்குப் படிப்பு ஏறாது" என்று எழுதி அனுப்புவார்கள். கடைசி வரிசையில் தனியாக உட்கார வைத்ததை, கக்கூஸ் கழுவச் சொன்னதை யாரும் எழுதவில்லை. இடத்தில் மீட்டர் வைத்துப் பார்த்தவர் யாரும் இல்லை. பிள்ளையைத்தான் மாற்றிக்கொண்டு இருந்தார்கள்.

கண்டென்சர் நாலையும் மாற்றினேன். ஒன்று ஒழுகினால் மற்றதும் அதே வயசுதான். செத்த வால்வுக்குப் பதில் ஒன்று வேண்டும். டிரங்குப் பெட்டியிலிருந்து நாலு கொண்டுபோயிருந்தேன். ஒவ்வொன்றாகப் போட்டு அளந்தேன். பென்சிலால் மெதுவாகத் தட்டிப் பார்த்தேன், ஸ்பீக்கரில் மணி அடித்த மாதிரி கேட்டால் அது ஆகாது. ஜோடியாக இருந்த முல்லார்டு 36 மில்லி ஆம்பியர். என்னுடையதில் ஒன்று 37. தட்டினால் சத்தம் இல்லை. அதை வைத்தேன்.

அவர் ஒரு வீணை ரெக்கார்டைப் போட்டார். கண்ணை மூடிக்கொண்டு முழுக்கக் கேட்டார். ஒரு மணி நேரம் ஆனது, இரண்டு மணி நேரம் ஆனது, சிவக்கவில்லை. "பேஷ்" என்றார். அப்புறம் கேட்டார்.

"இது எந்த ஊர் வால்வு?"

"ஜாலஹள்ளி சார். பெங்களூரு. பெல் கம்பெனி."

பெல் என்பது 1954-ல் மத்திய அரசு தொடங்கிய கம்பெனி. ஒரு காலத்தில் நம் நாட்டு ரேடியோக்களில் பாதி வால்வு அவர்களுடையதாகத்தான் என் கண்ணில் பட்டிருக்கும்.

கொஞ்ச நேரம் யோசித்தார். "சரி, இருக்கட்டும். ஆனா வர்றவங்க கண்ணுல படாம, முல்லார்ட முன்னாடி வச்சுட்டு, இத அந்தப் பின்னாடி சாக்கெட்டுக்கு மாத்திடுங்களேன்."

ஜோடிக்குள் இடம் மாற்றினால் சத்தத்தில் ஒரு வித்தியாசமும் வராது. அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மறுத்திருக்கலாம் என்று நீங்கள் நினைக்கலாம். நான் மாற்றி வைத்தேன். கூலி வாங்க வேண்டி இருந்தது, மகள் காலேஜ் ஃபீஸ் நின்றுகொண்டு இருந்தது. பஸ்ஸில் திரும்பும்போது கம்பத்தில் ஏறின சித்தப்பாதான் கண்ணில் நின்றார். அவராவது ஒன்றைத் திருப்பாமல் விட்டார்.

அதனால்தான் இதை எழுதினேன். கூடவே தொழிலையும் எழுதி வைக்கிறேன். யாருக்காவது பயன்படும். வால்வு மாற்றுகிறவர்கள் முதலில் அது உட்காரப்போகிற இடத்தை அளந்து பாருங்கள்: காலிச் சாக்கெட்டில் கிரிட் வோல்ட், ஒழுகுகிற கண்டென்சர், சரியான மைனஸ். ரெண்டாவது, நம்பரைப் பாருங்கள். இ.சி.சி. 81, 82, 83 மூன்றும் ஒரே மாதிரி உட்காரும். ஆனால் பெருக்கும் அளவு 83-க்கு நூறு, 81-க்கு அறுபது, 82-க்கு இருபதுக்கும் கீழே. மூன்றாவது, வெள்ளிப் பூச்சைப் பாருங்கள், கரண்டை அளந்து ஜோடி சேருங்கள், தட்டிப் பாருங்கள். பேரும் ஊரும் கடைசி. அதுவும் விலை பேசத்தான்.

1991-ல் ஓடின அந்தப் பேர் இல்லாத இ.எல். 34 இன்னும் என்னிடம் இருக்கிறது. போன ஏப்ரல் 14-க்குப் போட்டு அளந்தேன். 290 காட்டுகிறது. வயசாகிவிட்டது, ஆனாலும் பேசுகிறது. டிரங்குப் பெட்டி திறந்தேதான் இருக்கிறது. கற்றுக்கொள்ள வருகிற பிள்ளைகள் வரலாம். எந்த ஊர் என்று கேட்க மாட்டேன்.